கையெழுத்துப் போட்டவன் நான்தான்

கொழும்பில் ஒரு தொலைபேசிக் கம்பனியில் பொறியியலாளனாக இருக்கிறேன். ஊர் சாய்ந்தமருது. எங்கள் வலையமைப்பில் முன்பு இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று சாதாரண அழைப்புகளை இணைக்கும், துண்டிக்கும். மற்றது அவசர அழைப்புகளுக்கு மட்டும். அழைப்பு எந்தக் கோபுரத்திலிருந்து வருகிறது என்று பார்த்துப் பக்கத்து அவசர நிலையத்துக்கு அனுப்பும். இரண்டையும் ஒன்றாக்கினால் செலவு குறையும் என்று மேலிடம் முடிவெடுத்தது. அந்த வேலை என் கைக்கு வந்தது.

பழைய பட்டியலைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றும்போதுதான் கவனித்தேன். எங்கள் கரையோர ஊர்ப்பெயர்கள் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதப்பட்டிருந்தன. என் ஊருக்கே மூன்று எழுத்துக்கூட்டல். பெயர் பொருந்தாத கோபுரத்து அழைப்புகளை இயந்திரம் கொழும்பு நிலையத்துக்குத் தள்ளிவிடும். மேலாளரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை தொடங்கியாக வேண்டும், பிறகு திருத்தலாம் என்றார். பரிசோதனைத் தாளில் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. பதவி உயர்வு கிடைக்கும் என்றிருந்தேன், கிடைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊரில், நண்பகல் லுஹர் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி வுழூச் செய்யப் போன மச்சான், என் மூத்த சகோதரி ராத்தாவின் கணவர், கிணற்றடியில் சரிந்து விழுந்தார். ராத்தா அவசர இலக்கத்துக்கு அழைத்தார். முதலில் ஒருவர் சிங்களத்தில் கேட்டாராம். பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் வந்தாராம்.

“எந்த மாவட்டம்?”

“கல்முனைக்குக் கிட்ட. வாய் கோணிப் போகுது, கெதியா அனுப்புங்க!”

உரிய நிலையத்துக்கு மாற்றுகிறோம் என்றார்கள். இணைப்பு அறுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி கொழும்பு. கடைசியில் பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். மூளையில் இரத்தம் கட்டியிருக்கிறது, அதைக் கரைக்கும் மருந்து கொடுக்கும் நேரம் தாண்டிவிட்டது என்றார் டொக்டர்.

செய்தி வந்ததும் ஊர்ப்பெயர்களைத் திருத்தினேன். ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. விரைந்து செயற்பட்டதற்கு நன்றி என்று மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார்.

இரண்டு கிழமை கழித்து ஊருக்குப் போனேன். வருடக்கணக்காகக் கணக்குப் படிப்பித்த மனுசன், ஒரு சொல் வராமல் சாய்ந்து கிடந்தார். ராத்தா கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீ இந்தப் போன் வேலதானே செய்ற? நான் இஞ்ச இருந்து எடுக்க, அது ஏன்டா கொழும்புக்குப் போச்சு?”

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. ராத்தா மச்சானின் தாடையைத் துடைத்தார்.

“தெரிஞ்சா கையெழுத்துப் போட்ட?”

“ஓம் ராத்தா.”

ராத்தா கரண்டியைக் கஞ்சிக் கோப்பைக்குள் வைத்தார்.

“அல்லாஹ்வுக்காக, இவருக்கு முன்னால இதக் கதைக்காத. கதைக்கத்தான் ஏலா. காது நல்லாக் கேக்கும்.”

அப்போதுதான் திரும்பினேன். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ராத்தா என் இலக்கத்துக்கு அழைப்பதில்லை. என் மனைவியோடுதான் கதைக்கிறார். மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்பதை அவள் சொல்லித்தான் அறிந்துகொள்கிறேன்.