எலும்பு மில்லில் போன இரண்டு விரல்

எலும்பு மில்லில் எனக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மெஷின் வாய்க்கு மூடி கிடையாது. அவ்வளவுதான் நடந்தது.

கசாப்புக் கடை எலும்புகளை வண்டியில் கொண்டுவந்து அரைத்து உரமாக்குகிற தொழில். நாற்றம் மூன்றாம் நாள் பழகிவிடும்; மெஷின் பழகவே பழகாது. மெஷின் முன்னால் நின்று சோறு சம்பாதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. ஐம்பதுகளில், திருவரங்குளம் போகிற ரோட்டில் இருந்தது மில்.

எருமைத் தொடை

என்ஜினை நிறுத்தினால் மறுபடி கிளப்ப அரை மணி ஆகும். அதனால் எலும்பு சிக்கினால், ஓடுகிற மெஷினுக்குள்ளேயே கையை விட்டுத் தள்ளுவோம். எல்லோரும் அப்படித்தான். ஒரு தை மாதம் ஓர் எருமைத் தொடை எலும்பு குறுக்கே நின்றது. தள்ளினேன். எலும்பு போயிற்று, கூடவே விரலும்.

பக்கத்தில் நின்றவர் என்ஜினை அணைத்தார். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி ஓடி வந்தார். என்னைத் தாண்டிப் போய்க் கேட்டார்: "மெஷின நிப்பாட்டச் சொன்னது யாருடா?"

நாலு ஆரஞ்சு

ஆஸ்பத்திரிக்கு மில் குமாஸ்தா வந்தார். நாலு ஆரஞ்சுப் பழம், ஒரு காகிதம். பழத்தை உரித்துக் கொடுத்தார். "சும்மா ஆபீஸ் வழக்கம். இடது கைப் பெருவிரல் நல்லாத்தான இருக்கு? இங்க ஒரு ரேகை வைங்க" என்றார்.

வாங்கி வாசித்தேன். மூடியை நானே கழற்றினேனாம். என் கவனக்குறைவாம். இல்லாத மூடியை எப்படிக் கழற்றுவது? காகிதத்தை மடித்துப் பழத்தோலோடு சேர்த்து அவர் கையிலேயே கொடுத்தேன். எழுந்தவர் சொன்னார்: "வாசிக்கத் தெரிஞ்ச ஆள மெஷின்ல நிப்பாட்டினதுதாங்க எங்க தப்பு."

இடது கை மனு

புண் ஆறியதும் மில்லுக்குப் போனேன். கேட்டிலேயே மேனேஜர் மறித்தார். தப்பு உன்னுடையது, வேலையும் இல்லை, நஷ்ட ஈடும் இல்லை என்றார். வீட்டில் ஐந்து வயிறு. மூடி போடுவது முதலாளி பொறுப்பு என்று சட்டமே இருக்கிறதாக ஒரு வாத்தியார் சொல்லியிருந்தார். இடது கையால் மனு எழுதினேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆயிற்று. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசில் வாங்கிய ஆள் அதை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிப் பார்த்தார். "கோழி கெளறுன மாதிரி இருக்கு. ஆனா விசயம் வெளங்குது."

பொட்டு இல்லாத மூடி

பங்குனியில் இன்ஸ்பெக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தார். மெஷின் வாயில் ஒரு இரும்பு மூடி உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெயும் கரியும் பூசிப் பழசாக்கியிருந்தார்கள். "ரெண்டு வருசமா இருக்குதுங்க. இவருதான் கழட்டிட்டுக் கைய விட்டாரு" என்றார் மேனேஜர். மேஸ்திரி தலையாட்டினார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

எலும்பு பிரிக்கிற பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். "ஐயா, அந்த மூடியத் தூக்கிப் பாருங்க" என்றாள். மேனேஜர் முறைத்தார். அவள் நகரவில்லை. தூக்கினார்கள். மெஷின் வாயைச் சுற்றி வரிசையாகச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், காய்ந்து ஒட்டிக் கிடந்தது. ஆயுத பூஜைக்கு மட்டும்தான் மெஷினைக் கழுவுவோம். சாமிக்கு வைத்த பொட்டை அடுத்த பூஜை வரை யாரும் துடைக்க மாட்டோம். மூடியில் ஒரு பொட்டும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மேனேஜரைப் பார்த்தார். அவள் சொன்னாள்: "நாந்தாங்க கழுவிப் பொட்டு வச்சேன். வெளக்கமாத்துக்கே பொட்டு வச்ச நான், இந்த மூடிய மட்டும் விட்டுருப்பேனா?"

நஷ்ட ஈடு வந்தது, எடை போடுகிற வேலையும் வந்தது, மூடி அப்புறம் கழன்றதே இல்லை. சட்டம் ஜெயித்தது என்று ஊரில் சொன்னார்கள், சட்டத்துக்குக் கண்ணைத் திறந்துவிட்டது அந்தப் பொட்டு வைத்த, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற ஆவூர் செபஸ்தியம்மாள்.