பக்கத்து வீட்டுத் துப்பாக்கி

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டே வயிறு வளர்க்கிற வக்கீல் நான். நான் சொன்ன பதிலைக் கேட்டு ஒரு சபையே சிரித்தது.

கேள்வி இதுதான். என் பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனுப் போட்டிருக்கிறார். அவரை நம்பிக் கொடுக்கலாமா?

பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. வெறும் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கே திரும்பினாலும் ஒரு பிள்ளை உண்டு, ஆகவே அபாயமில்லை. மல்லி, மிளகாய், மிளகு என்று மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் மகள் கல்யாணத்தில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சாம்பார் அண்டா பக்கத்திலேயே நின்ற மனுஷர். அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது.

ஐப்பசி மழையில் அவருடைய சரக்குக் கிட்டங்கியில் திருடர்கள் இறங்கினார்கள், கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு. மிளகு மூட்டைகள் போனது கிடக்கட்டும். காவலுக்கு இருந்த வேலப்பனைக் கட்டிப் போட்டு அடித்த அடியில் அவனுக்கு இன்றைக்கும் ஒரு காது கேட்காது. போலீஸ் வந்து சேர்ந்தபோது நன்றாக விடிந்து, எதிர் ஹோட்டலில் இரண்டாம் ஈடு இட்லியும் தீர்ந்திருந்தது.

அதிலிருந்து பிள்ளை கடையில் ஒரே பேச்சுதான். மத்தியானம் வியாபாரம் ஓய்கிற நேரத்தில் வியாபாரிகள் மூட்டைகள் மேல் உட்கார்ந்து வாதாடுவார்கள். ஆளுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று ஒரு கட்சி. வேண்டாம், நம்மிடம் துப்பாக்கி இருந்தால் திருடனும் துப்பாக்கியோடு வருவான் என்று ஒரு கட்சி. நான்? நான் முதல் கட்சி. அதுவும் சும்மா இல்லை... இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில், வீராவேசமாக எழுதினேன்.

வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டில் மூன்று துப்பாக்கி சுவரில் தொங்குகிறது, வரி கட்டுகிற நமக்கு மட்டும் ஒரு கம்புதானா, சர்க்காருக்குத் தன் பிரஜைகள் மேல் அவ்வளவு அவநம்பிக்கையா என்றெல்லாம் கேட்டிருந்தேன். பிள்ளை அதைக் கத்தரித்துக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினார். மறுநாளே மனுப் போட்டார். எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? நானும் அந்தச் சுவரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி கிணற்றடிக்கு வருவோம்.

எங்கள் வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். பிள்ளையின் மனைவி இத்தனை வருஷத்தில் என்னோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. எது சொல்வதானாலும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவியிடம் சொல்வார். இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் முன்பும் என் மனைவியிடம்தான் பேசினார். ஆனால் குரல் மட்டும் நான் உட்கார்ந்திருந்த ஜன்னல் வரைக்கும் வந்தது.

"மதினி, சுப்பையா மண்டையில தையல் போட்டிருக்குல்லா? குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்தான்னு சொன்னேன். அது பொய்."

சுப்பையா அவருடைய ஒரே மகன். தென்காசியில் இருந்து கொள்முதலைக் கவனிக்கிறவன், மாதம் ஒருமுறை வருவான். என் மகளோடு சேர்ந்து சிலேட்டுப் பிடித்த பையன்.

"சொல்லாம கொள்ளாம விடியக்கால ரயில்ல வந்து புறவாசக் கதவைத் தட்டியிருக்கான். இவுஹ திருட்டு நடந்ததுல இருந்து சரியாத் தூங்குததே இல்லை. எந்திரிச்சு, யாரு எவருன்னு கேக்காம, கதவைத் திறந்த கையோட கம்பால ஒரே போடு. கம்பா இருந்ததுனால மவன் எனக்கு மிச்சம். அந்த லைசென்சு மட்டும் வந்திருந்தா..."

வாளியில் கயிறு கட்டுகிற சத்தம். பிறகு, "உங்க வீட்டு அண்ணாச்சி எழுதினதை நம்பித்தான் மனுப் போட்டிருக்காஹ" என்றார். வாளி கிணற்றில் இறங்குகிற சத்தம் கேட்டது.

என் மனைவி உள்ளே வந்தாள். என் மேஜையில் காபியை வைத்தாள், போய்விட்டாள். அந்தக் காபியை நான் குடிக்கவே இல்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். விசாரிக்க வருகிற இன்ஸ்பெக்டரிடம் கிணற்றடியில் கேட்டதைச் சொன்னால், யார் சொல்லி எனக்குத் தெரிந்தது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அந்த அம்மாள் வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. சொல்லாவிட்டால் துப்பாக்கி வந்துவிடும்.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். மலையாளி, சாதுவான மனிதர். பிள்ளை காபியும் ஏத்தங்காய் உப்பேரி என்கிற வறுவலும் வரவழைத்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மூட்டைகள் மேல் வழக்கமான சபை. சுப்பையா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். சுவரில் என் கட்டுரை.

"வக்கீல் சாரே, ஆள் எங்ஙனெ? தோக்கு கொடுத்தால் குழப்பம் வல்லதும் உண்டோ?"

ஆள் எப்படி, துப்பாக்கி கொடுத்தால் ஏதாவது கோளாறு வருமா என்கிறார். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவருக்குத்தான் தெரியுமே, சுவரிலேயே இருக்கிறதே.

நான் தொண்டையைக் கனைத்தேன். இன்னொரு தடவை கனைத்தேன்.

"கொடுக்க வேண்டாம்" என்றேன்.

"என்னவே சொல்லுதீரு?" என்றார் பிள்ளை.

"எனக்குப் பயமா இருக்குவே. ரீடிங் ரூம்ல இருந்து ராத்திரி நான் புறவாசல் வழியாத்தான் வாறேன். உம்ம வீட்டுக்கும் எனக்கும் ஒரே சுவரு. இருட்டுல வாறது நான்தான்னு உமக்கு எப்படித் தெரியும்?"

சபை கொல்லென்று சிரித்தது. துரைக்குச் சமமாகத் துப்பாக்கி கேட்ட வக்கீலுக்குத் தன் வீட்டுப் புறவாசலுக்குப் போகப் பயமாம் என்றார் ஒருவர். சிரிக்கட்டும். கோழை என்ற பெயரைத்தான் நான் தேடிப் போயிருந்தேன்.

பிள்ளை சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன பைத்தியக்காரனாவே? யாரு எவருன்னு பாக்காமலா ஒரு மனுசன்..."

அங்கேயே நின்றுவிட்டார்.

என்னைப் பார்க்கவில்லை அவர். சுப்பையா கணக்கின் மேல் குனிந்திருந்தான். பேனா நகரவில்லை. துண்டு சற்று விலகி, மழித்த இடத்தில் தையல் தெரிந்தது. சபையின் சிரிப்பு, ஏன் என்று தெரியாமலே அடங்கியது. இன்ஸ்பெக்டர் அப்பாவைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். தம்ளரைக் கீழே வைத்தார். "ஞான் பின்னெ வராம்" என்று எழுந்துகொண்டார்.

அவர் பிறகு வர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. சனிக்கிழமை பிள்ளையே போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று மாலை என் வீட்டுக்கு வந்தார், நாற்காலியில் உட்காரவில்லை.

"அவளே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. இதையும் எழுதும்வே. பேரை மட்டும் போடாதேயும்" என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். "ஆனா ஒண்ணு. அந்தத் திருட்டுப் பயலுக மறுபடியும் வந்தா? வேலப்பனுக்கு மத்தக் காதும் போனா? அதுக்கு வழி என்னன்னும் எழுதும்."

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. ராத்திரி ரோந்துக்கு இரண்டு கான்ஸ்டபிள் கேட்டு வியாபாரிகள் எல்லோரும் சேர்ந்து எழுதியிருக்கிறோம். சர்க்கார் காரியம், எப்போது நடக்குமோ.

ஒன்று மட்டும் புரிகிறது. துப்பாக்கியைப் பற்றி வாதாடும்போது, அதற்கு எதிரில் ஒரு திருடனை நிறுத்திவிட்டுத்தான் நாம் எல்லோரும் வாதாடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் நம் வீட்டுக் கதவை நேரங்கெட்ட நேரத்தில் தட்டுகிறவர்கள் யார்? மகன். மைத்துனன். பிரசவத்துக்கு ஆள் கூப்பிட வந்த எதிர்வீட்டுக்காரன். திருடன் என்றைக்குக் கதவைத் தட்டினான்?

போனக்காட்டுத் துரையை மட்டும் இப்போதும் விடுவதாக இல்லை. பிள்ளைக்கு ஒரு துப்பாக்கி கொடுக்கப் பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்டார்கள். சரியான காரியம். துரைக்கு மூன்று கொடுத்தபோது யாரைக் கேட்டார்கள்? அங்கே பக்கத்து வீடு என்பது தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயம்தான். அந்த வாசலில் எந்த இன்ஸ்பெக்டராவது காபி குடித்திருப்பாரா?

நேற்று விடியற்கால ரயிலில் சுப்பையா வந்தான். தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து, எங்கள் தெரு முனையில் திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டான் — "அப்பா... நான்தான், சுப்பையா... அப்பா... நான்தான்!" வீடு வந்து சேருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. நாய்கள் குரைத்தன, தொட்டில் குழந்தைகள் அழுதன, தெருவே எழுந்து உட்கார்ந்தது.

ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை.