ஏழாம் நம்பர் இசைத்தட்டும் கூடலூர் செல்லப்பாண்டி அண்ணனும்

அன்று காலை பத்து நிமிட இடைவெளியில் என் கைபேசிக்கு இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது இசைத்தட்டுக் கம்பெனியிடமிருந்து வந்தது. ‘அன்புள்ள செல்லப்பாண்டி, உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது.’ எந்த லட்சணத்தில் தீர்த்தார்கள் என்று நான் எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தபோதே இரண்டாவது செய்தி வந்தது. அது செல்லப்பாண்டி அண்ணனின் மகள் அனுப்பியது. காலையில் கடையைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். கம்பெனிக்காரன் கூத்தை உடனே அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. எண்ணை அழுத்திய பிறகுதான் புத்தி வந்தது.

பள்ளத்தாக்கில் இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் நாம் எத்தனை பேர், ஒரு வேனில் அடங்கிவிடுவோம். உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கூடலூரில் ஜீப் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். குமுளி ஏறுகிற ஜீப்புகளில் பாதி அவர் கொடுத்த சாமானில்தான் ஓடுகிறது. நான் உத்தமபாளையம் கோர்ட்டில் கிளார்க். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது இசை என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். உண்மையில் எங்களைச் சேர்த்தே வைத்திருந்தது புகார்தான்.

மாதம் ஒரு வாத்தியம், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு இசைத்தட்டு, கடைசித் தட்டோடு எல்லாவற்றையும் அடுக்கி வைக்க ஓர் அழகான பெட்டி. இப்படி ஒரு சந்தாவை அந்தக் கம்பெனி அறிவித்தது. அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். சந்தாவை ஆப் வழியாகத்தான் கட்ட முடியும். அதனால் இரண்டு பேருக்கும் என் கைபேசியிலேயே கட்டினேன். முகவரி தனித்தனி, எண் ஒன்றுதான். அவருக்கு மற்ற பதினொன்றைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை. ஏழாம் நம்பர் கிளாரினெட்டுக்காகத்தான் சேர்ந்தார்.

இதற்கு முன் வேறொரு கம்பெனி செட்டில் சூடு பட்டிருந்தோம். ஆசையாசையாகப் பிரித்துக் கேட்டதில் ஒரு தட்டு வளைந்திருந்தது. பிரித்த செட்டை மாற்றித் தர முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால் இந்த முறை ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பன்னிரண்டும் வந்து சேரும்வரை அட்டைப்பெட்டியைக்கூடக் கிழிக்கக் கூடாது. இருவருக்கும் முழுசாக வந்த பிறகு ஒரே நாளில் பிரிக்க வேண்டும். “ஒரு பல்லு கொறைஞ்சாலும் அது கியர் இல்ல தம்பி, வெறும் இரும்பு” என்பார்.

எனக்குப் பன்னிரண்டும் வந்தன. அவருக்கு ஏழு மட்டும் வரவில்லை.

அங்கிருந்து தொடங்கின எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள். காலை பத்து மணி பஸ்ஸில் தேய்த்த சட்டையோடு என் வீட்டுக்கு வந்து இறங்குவார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் புகார் எழுதுவேன். கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டிய கை, சும்மா இருக்குமா. ‘மேற்படி மனுதாரர்’ என்று ஆரம்பித்தால் மூன்று பக்கம் போகும். பொருளை ஒப்படைத்துவிட்டோம் என்று கம்பெனி பதில் எழுதியது. பொய் என்று எழுதினேன். வாங்கியவர் கூரியர்காரரின் கைபேசித் திரையில் விரலால் போட்ட கையெழுத்தைப் படமாக அனுப்பினார்கள். அது செல்லப்பாண்டி என்பதுபோலவும் இல்லை, வேறெதுபோலவும் இல்லை, மண்புழு நெளிந்ததுபோல இருந்தது. ‘மேற்படி கையொப்பம் முற்றிலும் போலியானது’ என்று அடிக்கோடிட்டு அனுப்பினேன். அந்த வரியை எழுதிவிட்டு நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தால் தலையைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசியாக அவர் வந்த ஞாயிறு பொங்கலுக்கு முந்தியது. அன்று புகாரின் முடிவில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

“ஏழாம் நம்பரு பத்தரமான எடத்துலதான் இருக்கும், அவசரம் ஒண்ணும் இல்லன்னு போட்டுருங்க தம்பி.”

எனக்குக் கோபம் வந்தது. அப்படி எழுதினால் நம் வழக்கே படுத்துவிடும், எதிராளி பிடித்துக்கொள்வான் என்று சத்தம் போட்டேன். அவர் டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார். எழுதிய வரியை நான் அடித்துவிட்டு அனுப்பினேன்.

அண்ணனை எடுத்த அன்று கூடலூரில் வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பக்கம் பார்சல் கொடுக்கிற கூரியர் ராசு வந்து பக்கத்தில் நின்றார். துக்க வீட்டில் என்ன பேசுவது என்று தெரியாமல், அண்ணனின் ஏழாம் நம்பர் கடைசிவரைக்கும் வராமலே போய்விட்டதே என்று அவரிடம் சொன்னேன். ராசு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“அத ஒங்க வீட்டுலதான சார் குடுத்தேன். போன் நம்பரு ஒங்களுதுல்ல இருந்துச்சு. அக்காதான் கையெழுத்துப் போட்டாக. ஆடி மாசமே அண்ணன்கிட்ட சொல்லிட்டனே. சார்கிட்ட நீ எதுவும் சொல்லிக்கிறாத, நான் பாத்துக்கிர்றேன்னாக.”

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். என் பெட்டிகளை எண்ணினேன். பதிமூன்று இருந்தன. கோர்ட்டில் சான்றுப் பொருளைத் தினம் எண்ணி வைக்கிறவன் நான். என் அலமாரியை ஒருநாளும் எண்ணியதில்லை. பின்வரிசையில், முகவரிச் சீட்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த பெட்டியில் அவர் பெயர் இருந்தது. பார்சல் வந்தால் பிரிக்காதே, நிமிர்த்தி அலமாரியில் வை என்று மனைவிக்கு உத்தரவு போட்டவனே நான்தான். அவள் அதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள். போலி என்று நான் அடிக்கோடிட்டது என் மனைவியின் கையெழுத்து.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஆடியிலிருந்து மார்கழிவரை எத்தனை ஞாயிறுகள். ஒவ்வொரு ஞாயிறும் அந்த அலமாரிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து, தட்டு வரவில்லை என்று என்னிடமே புகார் சொல்லியிருக்கிறார். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? நான் ஒளித்து வைத்துக்கொண்டு நடிக்கிறேன் என்று நினைத்தாரா? ஒரு திருடன் தன் திருட்டுக்குத் தானே புகார் எழுதுவதை வேடிக்கை பார்த்தாரா? அல்லது, கேட்டால் நான் கூசிப்போவேன் என்று விட்டுவிட்டாரா? ஒவ்வொரு பதிலும் அரை நாள் சரியாக இருக்கிறது. அப்புறம் அடுத்தது சரியாக இருக்கிறது. மற்றதை எல்லாம் தாங்கிக்கொள்வேன். என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு அவர் போயிருந்தால் அதை மட்டும் தாங்க மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் பெட்டியைத் துணிப்பையில் வைத்து எடுத்துப் போனேன். சாப்பாட்டுப் பந்தி முடிந்து ஆள் குறைந்ததும் மதினியிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

“எங்கிட்ட தட்டப் பத்தி ஒண்ணும் சொல்லல தம்பி. சனிக்கெழம சாயந்தரமானா சட்டையத் தேச்சு வையின்னு மட்டும் சொல்லுவாக. மக வீட்டுக்குப் போறதுக்குக்கூட அவுக தேச்ச சட்ட கேட்டதில்ல.”

இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. ஆனால் பதினாறு நாளில் முதல் முறையாக ஒரு வாய்த் தண்ணீர் ஒழுங்காக உள்ளே இறங்கியது.

இப்பத்தான் முழுசா ஆயிருச்சே, பிரிங்க என்றார் மதினி. அண்ணனுடைய ரெக்கார்டு பிளேயரை மகள் துடைத்து வைத்தாள். பெட்டியைக் கிழித்தேன். அட்டை உறையில் ஏழு என்ற எண்ணும் கிளாரினெட் படமும் பளபளவென்று இருந்தன. கண்ணாடித்தாளை உரித்துத் தட்டை வைத்து முள்ளை இறக்கினேன். வந்தது மோர்சிங். தட்டை எடுத்துப் பார்த்தேன். நடுவில் ஒட்டியிருந்த தாளில் நான்கு என்று போட்டிருந்தது. ஏழாம் நம்பர் உறைக்குள் நான்காம் நம்பர் தட்டை வைத்து ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அண்ணனுக்கு மோர்சிங் ஆகவே ஆகாது. “ஒரு பாட்டுக்கு மேல கேட்டா பல்லு கூசுது” என்பார். மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அதையேதான் செய்தேன். என்னுடைய ஏழாம் நம்பருக்குள் என்ன இருக்கிறதோ, பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

அவர் நினைவாக எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் சேர்த்த தட்டுகள் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். எனக்கு அந்தத் தவறான தட்டும், நான் அடித்துவிட்ட அவருடைய ஒரு வரியும் போதும். போன ஞாயிறு காலை பத்து மணிக்கு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, செல்லப்பாண்டி பெயரில் கம்பெனிக்குப் புதுப் புகார் எழுதினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பொருள் வந்து சேர்ந்தது உண்மை, கையொப்பமும் உண்மை என்று ஒப்புக்கொண்டேன். உறைக்குள் இருந்த தட்டு மாறிவிட்டதைத் தெரிவித்தேன். முடிவில் அவர் சொன்ன வரியை, இந்த முறை அடிக்காமல், அப்படியே சேர்த்தேன். ஏழாம் நம்பர் பத்திரமான இடத்தில்தான் இருக்கும், அவசரம் ஒன்றும் இல்லை.