நைனா வண்டியின் மேல்துணி

எங்கள் நைனாவிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் பிடிபடும் இறாலையும் நண்டையும் ஐஸ் பெட்டிகளில் அடுக்கிப் பொன்னேரிக்கும், சில நாள் சென்னைக்கும் கொண்டுபோவதுதான் அதன் வேலை. எத்தனை கை மாறி எங்களிடம் வந்ததோ தெரியாது, வரும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. எஞ்சின் சொன்னபடி கேட்டது. பிரேக்கும் பெரும்பாலும் கேட்டது. முன்சீட்டில் உட்காருகிறவர்களின் தலைக்கு மேலே ஒட்டியிருந்த துணி மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. நடுவில் பிரிந்து தொட்டில் மாதிரி தொங்கியது. வண்டி ஓடும்போது காற்றில் உப்பிக்கொள்ளும். நின்றதும் எங்கள் தலைமேல் வந்து உட்காரும்.

நைனா அதற்குச் செய்யாத வைத்தியம் இல்லை. அம்மாவின் சேஃப்டி பின்களை வாங்கிக் குத்திப் பார்த்தார். வலை பின்னும் நூலால் தைத்தும் பார்த்தார். கொஞ்ச நாளில் எல்லாம் விட்டுப்போனது. எனக்கு அந்தத் துணியைப் பிடிக்கும். அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு பேய் மாதிரி கத்துவேன். அம்மாவுக்குத்தான் ஆகாது.

"அத்த ஒழுங்கா ஒட்டித் தொலையேன்" என்பாள்.

"ஒட்லாம், ஒட்லாம். துணி இன்னா எழுந்து ஓடியா பூடப்போவுது?" என்பார் நைனா.

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழையில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அப்போதுதான் அவன் தவழத் தொடங்கியிருந்தான். காலையிலிருந்து ஓயாத மழை. அம்மா அவனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். நைனா வண்டியைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு விட்டார். என்னைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் இருக்கச் சொன்னார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது தெருவே எங்கள் வாசலில் கூடியிருந்தது. தம்பி வழியிலேயே போய்விட்டான் என்று அத்தைதான் என்னிடம் சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் மாமா வந்து அம்மாவைத் தன் ஊருக்கு அழைத்தார். ஆரம்பாக்கத்துப் பக்கம், ஏரியின் மேற்குக் கரையில் அவருடைய வீடு. கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நைனா வண்டியை எடுக்கப்போனார்.

"அந்த வண்டில நான் ஏறமாட்டேன்" என்றாள் அம்மா. சண்டை போடுகிற குரலில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு மாமாவோடு பஸ்ஸுக்கு நடந்து போய்விட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என்னை அழைத்துப்போகவில்லை.

கொஞ்ச நாள் என்பது கார்த்திகை, மார்கழி என்று நீண்டது. நைனா விடியும் முன்பே இறால் ஏலத்துக்குப் போய்விடுவார். நானே தலை பின்னிக்கொள்வேன். ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்தருகிலும் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டால் ஏரிக்கரையில் போய் உட்காருவேன். இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருப்பார்கள். "அம்மா எப்போ வருது?" என்று யாராவது கேட்டால் "நாளைக்கு" என்பேன். சில நாள் கழித்து அவர்கள் கேட்பதை விட்டுவிட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

சாயங்காலம் நைனாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவர் சோற்றைப் பிசைந்தபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுத் துணைக்கு ரேடியோதான்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா லோடு ஏற்றப் போகவில்லை. "பாப்பா, வண்டி மேல்துணிய மாத்திரலாமா?" என்று கேட்டார். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டது எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது மாதிரியும் இருந்தது. அம்மா வண்டியில் ஏறமாட்டேன் என்றது இந்தத் துணியால்தான். அதைச் சரிசெய்துவிட்டால் வந்துவிடுவாள். இத்தனை சுலபமான விஷயம் நைனாவுக்கு இவ்வளவு தாமதமாகப் புரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பொன்னேரியில் ஒரு சீட் கவர் கடைக்குப் போனோம். அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு வைத்த துணி அங்கே கிடைத்தது. சாம்பல் நிறம்தான் எல்லோரும் வாங்குவது என்று கடைக்காரர் சொன்னார். நான் வெளிர் நீலத்தைக் காட்டினேன். நைனா அதையே வெட்டச் சொன்னார்.

"பழைய ஸ்பாஞ்ச ஒரு பொட்டு உடாம சொரண்டிடுண்ணா. இல்லாங்காட்டி சொல்யூஷன் புடிக்காது. வெயில்ல மறுபடியும் உழுந்துடும்" என்றார் கடைக்காரர்.

"உழக்கூடாது" என்றார் நைனா. அதையே வழியிலும் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

டச்சுக்காரர் கல்லறையின் மதிலோரம் மணல் பறக்காத நிழல் ஒன்று உண்டு. வண்டியை அங்கே நிறுத்தினோம். நைனா உள்விளக்கைக் கழற்றி, ஓரத்து ரப்பர் பட்டையை உருவி, துணி ஒட்டியிருந்த அட்டையைக் கீழே இறக்கினார். துணியைப் பிடித்து இழுத்ததும் உள்ளே மக்கிப்போயிருந்த ஸ்பாஞ்சு மஞ்சள் மாவாகக் கொட்டியது. எங்கள் தலை, புருவம் எல்லாம் மஞ்சள். நான் சிரித்தேன். கழற்றிய துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு பேய்க் குரல் எழுப்பினேன்.

"அத்தத் தொடாத!" என்று நைனா கத்தினார்.

என்னிடம் அவர் அப்படிக் கத்தியதே இல்லை. துணியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் நடந்தார். நெடுநேரம் வரவில்லை. கூரை வெறும் தகரமாய் நின்ற வண்டிக்குள் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர் வரும்போது கையில் துணி இல்லை, மேலெல்லாம் புகை நாற்றம் அடித்தது. ஒரு பழந்துணியைப் போய் எரிப்பார்களா என்று நான் கேட்கவில்லை.

பிறகு வேலையைத் தொடங்கினோம். அவர் அட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், துடைத்தார், மறுபடி தேய்த்தார். பாதி அட்டைக்கும் பாதித் துணிக்கும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து மெதுவாகப் படியவைத்தார். தேய்ப்பது என் வேலை.

"நடுலேர்ந்து ஓரத்துக்குத் தேய்ச்சிக்கினே போ பாப்பா. உள்ள காத்து நிக்கக்கூடாது."

உள்ளங்கை சிவக்கத் தேய்த்தேன். மறுபாதியும் முடிந்து, அட்டையை மேலே ஏற்றி மாட்டியபோது வண்டிக்குள் வெளிச்சமே மாறிவிட்டது. இரண்டு பேரும் சீட்டில் சாய்ந்துகொண்டு அண்ணாந்து பார்த்தோம். நைனா நகத்தால் மூலைமூலையாகச் சுரண்டிப் பார்த்தார். அதுவும் போதாமல் வண்டியை எடுத்துக்கொண்டு, பள்ளம் எங்கேயெல்லாம் உண்டோ அங்கேயெல்லாம் வேண்டுமென்றே இறக்கி ஏற்றினார். துணி அசையவில்லை.

அடுத்த ஞாயிறு வண்டியைக் கழுவி, நான் பொங்கல் பாவாடையைக் கட்டிக்கொண்டு, மாமா ஊருக்குப் போனோம். அம்மா இளைத்திருந்தாள். என்னை இழுத்து உட்காரவைத்து, கோணல் சடை இரண்டையும் அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள்.

"போய்ட்டு வாம்மா. கொயந்த மொகத்தப் பாரு" என்றார் மாமா. அம்மா உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

நைனா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "மேல்துணி மாத்திட்டேன். பாப்பாவும் நானும்தான் ஒட்னோம்" என்றார். வாத்தியார் முன்னால் நிற்கும் பையன் மாதிரி இருந்தது அவர் குரல்.

அம்மா உள்ளே குனிந்து பார்த்தாள். ஒரு கையை உயர்த்தி, நீலத் துணியில் உள்ளங்கையை வைத்தாள். எதையோ தாங்கிப் பிடிக்கிறவள் மாதிரி அப்படியே நின்றாள்.

"கைய எடும்மா. அது இனிமே உழாது" என்றேன்.

அவள் கையை எடுத்தாள். "நல்லா கீது" என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வண்டியின் பின்பக்கம் போய், காலி ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வெயிலா கீது. உள்ள வாயேன்" என்றார் நைனா.

"நீ வண்டிய எடு."

நானும் பின்னால் ஏறப்போனேன். "நீ நைனாகூட உக்காரு" என்று அனுப்பிவிட்டாள்.

அம்மா இதைப் பற்றிப் பேசியது ஒரே ஒருமுறைதான். பல வருஷம் கழித்து, என் மகளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஆட்டோவில் திரும்பியபோது சொன்னாள். தம்பியைக் கொண்டுபோன அன்றைய மழையில் கூரை ஒழுகி, அந்தத் துணி மொத்தமாக அவிழ்ந்து நைனாவின் கண்ணை மறைத்து விழுந்திருக்கிறது. அவருக்குப் பாதை தெரியவேண்டுமே என்று அம்மா ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறாள், பொன்னேரி வரை. "ரெண்டு கையாலயும் அவனப் புடிக்க முடில. எந்த எடத்துல போனான்னே எனக்குத் தெரில" என்றாள். உடனே என் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சூடு குறைந்திருக்கிறது என்றாள்.

மாமா ஊரிலிருந்து திரும்பிய அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போகும் அளவுக்கு நைனா மெதுவாக ஓட்டினார். அவர் பாதையைவிடக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தார். பெட்டிகள் சரிந்துவிடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். பின்பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைத் தட்டினேன். அவள் திரும்பவில்லை. இவ்வளவு பாடுபட்டு ஒட்டிய துணிக்குக் கீழே ஒரு நிமிஷம்கூட உட்காராமல், தான் மட்டும் சொகுசாகக் காற்று வாங்கிக்கொண்டு வருகிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சன்னல் பக்கம் நகர்ந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டேன். பொன்னேரி வரும்வரை நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.