வார்னிஷ் அடிக்காத நாற்காலி

எங்கள் அக்காள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. குடும்பத்தில் வேறு உருப்படியான வேலை இல்லாதவன் என்கிற தகுதியில், இதை எழுதும் பொறுப்பைத் தம்பியாகிய என்னிடம் தந்திருக்கிறார்கள்.

அக்காள் சாத்தான்குளத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட, கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதி என்னைப் படிக்க வைத்தார். விளைவுக்கு அவரைக் குறை சொல்ல முடியாது. தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்த அத்தானை மணந்த பிறகு கட்டில், தொட்டில், பீரோ என்று மரச்சாமான்களில் பெயர் எழுத ஆரம்பித்தார். பெயரோடு போட்டோவும் பதிப்பார். பிரிண்ட் எடுத்த தாளைப் பசை தடவிய மரத்தில் குப்புற ஒட்டி, காய்ந்ததும் ஈரவிரலால் தேய்த்துத் தாளை எடுத்தால் முகம் மரத்தில் தங்கிவிடும். துளி தாள் மிஞ்சினாலும் காயும்போது முகத்தை வெள்ளையாய் மூடிக்கொள்ளும். ஈரம் பட்டால் திரும்பத் தெரியும். அதனால் சுத்தமாக எடுத்து, வார்னிஷ் அடிப்பதுதான் முறை.

கடைசியாக, உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது அத்தானின் நாற்காலி முதுகில் தம் முகத்தையே பதித்தார். கீழே சிவப்பில் ‘அவருக்கு மட்டும்’ என்று எழுதினார். தாளை முழுக்கத் தேய்த்தெடுக்க விரலில் தெம்பு இல்லை.

அடக்கம் முடிந்து சில நாளில் அத்தான் போன் செய்தார்.

“மாப்ளே, உங்க அக்கா வந்திருக்கா.”

கடற்காற்று, ஈரம், தாள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி. இப்ப போயிட்டா,” என்றார்.

நினைவு நாளுக்குள் வார்னிஷ் அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அத்தானுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தார்கள். டப்பாவும் பிரஷுமாகப் போனேன். கொடியில் துணி அப்பளமாய்க் காய்கிற கச்சான் காற்று மத்தியானம். நாற்காலியில் மூக்கு இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அத்தான் எனக்கும் நாற்காலிக்கும் முதுகு காட்டி ஜன்னலோரம் நின்றார்.

“அடிச்சா எப்பவும் இங்கனயே இருப்பாளோ?”

“இருப்பா அத்தான்.”

“அவ ஒரு இடத்துல அடங்கி இருந்து நீ பாத்திருக்கியா மாப்ளே?”

டப்பா மூடியை நெம்பக் குனிந்தேன். நிமிர்ந்தபோது முகம் தெளிவாக இருந்தது. ஈரம் ஏறும்போது வருவதுபோல் கண் முதலில், வாய் பிறகு என்றில்லை, மொத்தமாக. மரத்தைத் தொட்டேன். காய்ந்து கிடந்தது.

அத்தான் திரும்பவேயில்லை.

“வந்துட்டாளா?” என்றார்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர்களுக்கும், இன்றுவரை அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பக்கத்து வீட்டாருக்கும், ஜெபித்த அனைவருக்கும் குடும்பத்தாரின் நன்றி. நினைவு ஜெபத்துக்கு வருகிறவர்கள் மற்ற நாற்காலிகளில் அமரும்படி கேட்டுக்கொள்கிறோம். மூடி திறக்காத வார்னிஷ் டப்பா ஒன்று என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.