மார்லீஸ் அழித்த ஹோம் ஃபோல்டர்

பிரேசிலின் நோவோ அம்புர்கு நகரச் செருப்பு ஆலைகளில் பெண்கள் காலணிக்கு வடிவம் வரைவதில் மார்லீஸை மிஞ்ச ஆள் கிடையாது. பதினோரு வருஷத்துப் படங்கள் அவள் மடிக்கணினியில் இருந்தன. அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்தவன் புருஷன் இவாயிர். அவளைத் தினம் அடித்தவனும் அவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறைச்சி சுடும் கம்பியால் அவள் தாடையை உடைத்தான். ஆறு வாரம் உறிஞ்சுகுழலில் கஞ்சி குடித்தவள், எலும்பு கூடியதும் கணினியோடு பெலோட்டஸ் நகரத்துக்கு ஓடினாள்.

அவன் போட்ட லினக்ஸே வேண்டாமென்று வேறு வகை லினக்ஸை நிறுவினாள். அவள் கோப்புகளெல்லாம் கிடக்கும் பழைய ஹோம் ஃபோல்டரை வைத்துக்கொள்ளவா, புதிதாக உண்டாக்கவா என்று அது கேட்டது. படமெல்லாம் அதில்தானே இருக்கிறது? வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

பத்தாம் நாள் கதவு பெயர்ந்து விழுந்தது. இவாயிர் அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். கைக்கு அகப்பட்ட சுத்தியால் அவள் அவன் விரல்களை நசுக்கினாள். அக்கம்பக்கம் திரண்டதும் ஓடிவிட்டான்.

அவன் கிட்டே வரக்கூடாதென்று நீதிமன்றம் தடை போட்டது. மார்லீஸ் துறைமுக நகரமான ரியோ கிராந்திக்கு மாறினாள். மறுபடி வேறு லினக்ஸ், மறுபடி அதே ஃபோல்டர். மூன்றாம் வாரம் பேருந்து நிறுத்தத்தில் கத்தியோடு நின்றான். அவள் கையில் பதினேழு தையல்.

புது ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஜுசாராவுக்குச் சந்தேகம் தட்டியது. மறைந்திருந்த கோப்புகளையெல்லாம் திரையில் வரவழைத்தாள். புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒன்று. கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானே ஓடி, மார்லீஸ் எழுதும் கடிதங்களை இவாயிருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

"லினக்ஸ எத்தன தடவ மாத்தினாலும் இது போகாதுக்கா. ஹோம் ஃபோல்டரோடவே கூட வந்துருது. அழிச்சிடவா?"

"இருடி. நான் ஒரு கடுதாசி எழுதணும்."

சனிக்கிழமை மத்தியானம் துறைமுகத்துப் பழைய கிடங்கில் தனியாக வேலை இருப்பதாக அதே கணினியில் தங்கைக்கு எழுதினாள். பிறகு மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

இவாயிர் இரும்புக் குழாயோடு வந்தான். மறைந்திருந்த போலீஸார் நாலு பேர் பாய்ந்தார்கள். அவர்களில் ஒருவர் மூக்கை அவன் உடைத்த பிறகே அவனைச் சரளைக்கல்லில் குப்புறத் தள்ளி விலங்கு மாட்ட முடிந்தது.

"எப்படிடீ கண்டுபிடிச்ச?" என்றான்.

மார்லீஸ் அவன் வாயோடு சேர்த்து ஓங்கி உதைத்தாள். ரத்தம் தெறித்தது. பெண் போலீஸ் அவளை மெல்ல விலக்கினாள். "போதும்மா. இன்னொண்ணு விட்டா நான் உன் மேலயும் கேஸ் எழுத வேண்டியிருக்கும்."

அன்று மாலையே புது ஹோம் ஃபோல்டர் உண்டாக்கினாள். வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுத்துவைக்க மூன்று நாள் ஆயிற்று. மிச்சத்தை அழித்துவிட்டாள். தங்கை மகளின் ஞானஸ்நானப் புகைப்படங்களும் அதோடு போய்விட்டதை வாரம் கழித்துத்தான் கவனித்தாள். இவாயிருக்கு ஒன்பது வருஷம் தீர்ப்பானபோதுகூட அழாதவள், அதற்கு உட்கார்ந்து அழுதாள்.