நிலா மிஸ்ஸும் வானிலை அறிக்கையும்

கல்லூரியில் அவளுக்கு ‘நிலா மிஸ்’ என்று பெயர். இலக்கிய வகுப்பில் நிலவை நிலவாக இருக்க விடமாட்டாள் என்பதால் மாணவிகள் வைத்தது. ரொமாண்டிக் காலத்துக் கவிதைகளைக் கரைத்துக் குடித்தவள். காற்று என்றால் ஏக்கம், ஏரி என்றால் மனசு, இலை உதிர்ந்தால் பிரிவு என்று பிரித்து மேய்ந்துவிடுவாள். கொடியில் துணி காய்ந்தால்கூட அது எதைக் குறிக்கிறது என்று மிஸ் கேட்பார் எனக் கேலி பேசுவார்கள். அது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபித்துக்கொண்டதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். தங்கமான மனுஷன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் ஆசையாய் ஒரு வார்த்தை பேசத் தெரியாது. தினமும் சாயங்காலம் போன் வரும். இங்கே மழை, வைப்பர் மக்கர் பண்ணுகிறது என்பார். இங்கே பனி, முன்னால் போகிற வண்டியே தெரியவில்லை என்பார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், அப்பாவுக்கு ‘வானிலை அறிக்கை’ என்று பெயர் வைத்தாள். இவளும் சேர்ந்து சிரித்தாள். போகப் போக அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது.

போன வாரம், தூரத்து மலையூர்க் கல்லூரி ஒன்றில் துறைத்தலைவர் வேலை அவளைத் தேடி வந்தது. ரொம்ப நாளாக ஆசைப்பட்ட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போனில் அவரிடம் சொன்னாள். போ என்பாரா, போகாதே என்பாரா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அங்க குளிர் ஜாஸ்தியா இருக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கோ,” என்றார். அவ்வளவுதான்.

அவளுக்கு மனசு விட்டுப் போயிற்று. தான் எங்கே இருந்தாலும் இந்த மனுஷனுக்கு ஒன்றுதான் என்றால், இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது எதற்கு? வேலையை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை, விடவும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வகுப்பில் ஒரு கவிதை. மனைவி ஊரைவிட்டுப் போகிறாள். கவிஞனோ குளம் உறைந்து கிடப்பதையும் மரம் மொட்டையாய் நிற்பதையும் வரிந்து வரிந்து எழுதுகிறான். முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள்.

“இவருக்கு அவங்க மேல ஆசையே இல்ல மிஸ். பொண்டாட்டி கிளம்பிப் போறாங்க, இவர் குளிரப் பத்திப் பேசிட்டு நிக்கறாரு.”

நிலா மிஸ்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கவிஞனுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்தாள்.

“அவனுக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா. போகாதேன்னா அவ நின்னுடுவா. போன்னு சொல்ல வாய் வரல. அதான் குளிரப் பத்திப் பேசறான். அவளுக்குக் குளிருமேன்னுதான்…”

பாதியிலேயே நிறுத்தினாள். சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகையையே பார்த்தாள். ஊரான் வீட்டுக் காதலையெல்லாம் அலசிக் காயப்போட்டவளுக்கு, தன் வீட்டுப் பாடம் மண்டையில் ஏறவில்லையே என்று வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஆசிரியர் அறை ஜன்னலோரம் நின்று போன் போட்டாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வழக்கமில்லாத நேரத்தில் அவள் கூப்பிட்டதும் அவர் பதறிப்போய், வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தார்.

“அங்க மழையாங்க?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. நேத்துலேர்ந்து விடல.”

“இங்கயும் மழைதாங்க.” அவர் பாஷையிலேயே பேசிப் பார்த்தாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “இல்லையே. அங்க நல்ல வெயிலாச்சே. காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே போன்ல பாத்தேனே.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் பார்ப்பீர்களா என்று கேட்டாள். பார்க்காமல் எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டார். முதலில் வீடு இருக்கிற ஊரைப் பார்ப்பாராம், அடுத்து மகள் இருக்கிற ஊரை, வண்டி போகிற ஊர் அதற்கப்புறம்தானாம். இப்படி ஒரு மனுஷனோடு வாழக் கொடுத்து வைத்திருக்கிறோமே என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“இன்னைக்குப் பதில் சொல்லணுங்க,” என்றாள் கடைசியில்.

“சரின்னு சொல்லிடும்மா. அந்த ஊரையும் அன்னைக்கே போன்ல சேத்துட்டேன். காலையில ஒன்பது டிகிரி காட்டுது. ஸ்வெட்டர் ஒண்ணு பத்தாது. ரெண்டா எடுத்துக்கோ.”